நீ அனுப்பிய மஞ்சள் பூட்ஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பசுவும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. நீ நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார்ந்துகொள். அம்மாவுக்கு வலது பாதத்தில் ஒரு புண் வந்தது, ஆறு வாரம் ஆகிறது. இப்போது ஆறிவிட்டது. நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். விரல்கள் ஐந்தும் இருக்கின்றன, நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ஆகவே இந்த இடத்திலேயே கடிதத்தை வைத்துவிட்டுப் போனை எடுக்காதே. கடைசி வரை படித்துவிட்டு எடு. நான் சொல்ல வந்தது புண்ணைப் பற்றி மட்டுமில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் யார் கையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா. நான் ஒரு வார்த்தை எடுத்தால் உன் அம்மா அதன்மேல் நாலு வார்த்தை போட்டு மூடிவிடுவாள். காகிதத்தில் அவளால் குறுக்கே பேச முடியாது. அதனால் தையல் மிஷின் பலகையில் காகிதத்தை வைத்து, மேலே ஒரு பேன்ட் துணியைப் போர்த்தி, திருட்டுத்தனமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் உள்ளேயிருந்து, "மிஷின் சத்தத்தையே காணோம், தூங்கிட்டீங்களா" என்று குரல் வருகிறது. உடனே பெடலை நாலு மிதி மிதிக்கிறேன், நூலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆறு வாரமாக நீ வீடியோவில் பார்த்ததெல்லாம் அவள் முகத்தை மட்டும்தான், கவனித்தாயா. ஏம்மா எப்பப் பார்த்தாலும் உட்கார்ந்தே இருக்கே என்று நீ கேட்டதற்கு, "நீதானே ரெஸ்ட் எடு ரெஸ்ட் எடுன்னு உயிரை வாங்கினே, எடுக்கறேன்" என்றாளே, அப்போது போனுக்குக் கீழே அவள் கால் ஸ்டூலின் மேல் கட்டோடு இருந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். போன வாரம் நீ, பூட்ஸ் தேய்ந்திருக்குமே, இன்னொரு ஜோடி அனுப்பட்டுமா என்று கேட்டாய். அவள் சிரித்துக்கொண்டே அனுப்பு கண்ணு என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, பசுவுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அன்றைக்குத்தான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் உன் பார்சல் வந்தபோது உன் அம்மா அந்த மஞ்சள் ரப்பர் பூட்ஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினாள். பக்கத்துத் தோட்டக்காரிக்கு நாம் வானொலி என்று பெயர் வைத்திருக்கிறோமே, அவள் கண்ணில் பட்டதும் சுற்றுவட்டாரம் முழுக்கச் செய்தி போய்விட்டது. எல்லாம் ஆயிற்று, போடத்தான் இல்லை. ஒருநாள் போட்டுக்கொண்டு தோட்டத்தில் பத்தடி நடந்துவிட்டுக் கழற்றிவிட்டாள். "பாதத்துக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் தண்ணீர் பாய்ச்சுவது உனக்குத் தெரியும். வெறுங்காலோடு பாத்தியில் நாலு அடி வைத்தாளானால் எங்கே போதும், எங்கே இன்னும் வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அவள் குரல் கொடுக்கிற நேரத்தில் நான் இங்கிருந்து மோட்டாரை நிறுத்துவேன், அவ்வளவுதான் இந்த விவசாயத்தில் என் பங்கு. அதனால் பூட்ஸ் பின்வாசல் கதவோரம் நின்றது. இடது பூட்ஸில் கோழி முட்டையிட ஆரம்பித்தது. வலது பூட்ஸ் எங்கள் இரண்டு பேருக்கும் டிராயர் ஆகிவிட்டது. அவள் சணல் கயிறு, விதைப் பொட்டலம் என்று போடுவாள், நான் சாக்பீஸ், உடைந்த பாபின் என்று போடுவேன். மோட்டார் ரிப்பேர்காரர் வந்தபோது ஒரு சின்ன போல்ட்டைக் கையில் கொடுத்து, "இது ஸ்பேர், இந்த அளவு இப்ப கிடைக்கறதில்ல, தொலைச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானா தொலைக்கிறவன். எந்தச் சின்னப் பொருளானாலும் வெட்டுத்துணியில் வைத்து இரட்டை முடிச்சுப் போட்டு வைக்கிறவன். உன் பென்சில் சீவியைக்கூட அப்படி முடிந்து கொடுத்து, வகுப்பில் உனக்கு முடிச்சு என்றே பெயர் வந்து, நீ அழுதுகொண்டு வந்தாயே. அந்தப் போல்ட்டையும் நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டுத் துணியில் முடிந்து வலது பூட்ஸுக்குள் போட்டேன். போட்டேன், மறந்தேன்.

பிறகு நீ ஒருநாள் போனில், பூட்ஸ் போடறியாம்மா என்று கேட்டாய். தினமும் போடறேன் என்று அவள் அளந்துவிட்டாள். அப்படியானால் வர ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் போட்டுக்கொண்டு நில், வீடியோவில் பார்க்கிறேன் என்றாய். உன் ஊர் நேரம் எங்களுக்கு என்றைக்குப் பிடிபட்டிருக்கிறது. நீ எப்போது கூப்பிடுவாயோ என்று அவள் விடிந்ததுமே பூட்ஸை எடுத்துவிட்டாள். கோழியை விரட்டி, கயிறு பொட்டலமெல்லாம் வெளியே எடுத்து, இரண்டையும் கவிழ்த்துத் தட்டித்தான் போட்டிருக்கிறாள். போல்ட் வெறுமனே கிடந்திருந்தால் டங்கென்று தரையில் விழுந்திருக்கும். துணியில் முடிந்திருந்ததால் அது மூக்குப் பக்கம் போய்ச் சிக்கிக்கொண்டது, சத்தமும் வரவில்லை. அதோடு தக்காளி பறித்தாள், தரம் பிரித்தாள், கூடைகளைத் தூக்கிச் சந்தை வண்டியில் ஏற்றினாள், வெங்காயப் பாத்தியில் களை எடுத்தாள். நீ சாயங்காலம் கூப்பிட்டாய். தக்காளிச் செடிகளுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், நீ கைதட்டினாய், படம் பிடித்துக்கொண்டேன் என்றாய். அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாளே, அப்போதெல்லாம் அந்தப் போல்ட் அவள் பாதத்துக்கு அடியில் இருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நான் சட்டை ஒன்றுக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் இருந்து என்னங்க என்று கூப்பிட்டாள், சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளங்காலில் விரலுக்குக் கீழே ரத்தம், பூட்ஸுக்குள்ளும் ரத்தம், கையில் அந்தப் போல்ட். வெறும் போல்ட், துணி இல்லை. "பாருங்களேன், இவ்வளவு பெரிசு உள்ளே இருந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல" என்று அதை ஏதோ வேடிக்கைப் பொருள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் டாக்டரம்மா இது எப்படி உள்ளே வந்தது என்று கேட்டபோது, "நான்தான் எதையாவது அதுக்குள்ள போட்டு வைப்பேன், என் புத்தி" என்றாள். அவள் நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காத வாயை மறுநாள் திறப்பது இன்னும் கஷ்டம், அதற்கு மறுநாள் அதைவிடக் கஷ்டம். இப்படியே ஆறு வாரம் ஓடிவிட்டது. கண்ணு, நீ அனுப்பிய பூட்ஸில் ஒரு குறையும் இல்லை. உன்னிடம் சொன்னால் நான்தானே அனுப்பினேன், நான்தானே போடச் சொன்னேன் என்று நீ அங்கே உட்கார்ந்து அழுவாய் என்றுதான் அவள் மறைக்கச் சொன்னாள். நீ அழ வேண்டாம். அந்தப் போல்ட்டை அதில் போட்டவன் உன் அப்பா. இதை உன்னிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

டாக்டரம்மா அன்றைக்கு ஒரு சோதனை செய்தார்கள். உன் அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மீன்பிடி நரம்பு மாதிரி மெல்லிய ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார்கள். இடது காலில் பத்துத் தடவை தொட்டதற்கு எட்டுத் தடவை சொன்னாள். வலது காலில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எப்போது தொடுவார்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர்கள் தொட்டு முடித்துவிட்டார்கள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி போயிருக்கிறது, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, ஒரு வருஷம் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அப்போதுதான் தெரியும். போன தடவை தக்காளி நாற்று முழுக்க வேர் அழுகிப் போனதே, நினைவிருக்கிறதா. தண்ணீர் அதிகமாகப் போயிருந்தது. நான் விதைக்கடைக்காரரிடம் போய், விதை சரியில்லை என்று பெரிய சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. கால் தன்னை ஏமாற்ற ஆரம்பித்துவிட்டது என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு இடது காலை முன்னால் வைத்து நடந்தாள், பாத்திக்குப் பாத்தி குனிந்து கையால் தொட்டுப் பார்த்தாள். நான் முட்டிவலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அதையும் மறுக்காமல் வாங்கித் தேய்த்துக்கொண்டாள். விதைக்கடைக்காரரிடம் போன வாரம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார்.

ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது, புண் ஆறாவிட்டால் ஒரு விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். முடியாது, பறிப்பு இருக்கிறது என்று உன் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள், நிஜமாகவே ஒற்றைக் காலில்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் காலையில் எழுந்தேன், மேசையில் தேநீர் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து அது தானாக வந்து அங்கே உட்காருகிறது என்று நினைத்திருந்தேன் போல. பிறகு தொழுவத்துக்குப் போனேன். பசு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பால் ஒரு சொட்டு இறங்கவில்லை. மூன்று நாள் போராடினேன். நாலாம் நாள் வானொலிதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, அக்கா சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க, வாசனை தெரிஞ்சாத்தான் அது விடும்" என்றாள். அந்தச் சட்டை நான் மாப்பிள்ளையாக இருந்தபோது எனக்காகத் தைத்துக்கொண்ட முழுக்கைச் சட்டை. என்றைக்கோ அது அவளுடைய தோட்டத்துச் சட்டை ஆகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு போனேன், பால் தந்தது. என் சட்டையை நானே போட்டுக்கொண்டு அவளாக நடிக்க வேண்டியிருந்தது. வானொலி இதை எங்கெங்கே ஒலிபரப்பினாளோ, கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அந்தச் சட்டைப் பையில் கையை விட்டேன். சணல் துண்டு, பென்சில் நுனி, ஒரு பித்தளை ஊக்கு, அப்புறம் மாத்திரைகள், பட்டையிலிருந்து கிழித்த ஒன்றும் இரண்டுமாகப் பதினொரு மாத்திரை. சாப்பிட்டதும் போட வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டு போவாள், சாப்பிடுவதற்கு வேலை விடாது, மாத்திரை பையிலேயே இருந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "காலையில மாட்டுக்கு ஒரு நேரம், வண்டிக்கு ஒரு நேரம், உங்களுக்கு ஒரு நேரம், எனக்குன்னு நேரம் எப்பங்க" என்றாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் செய்கிற வேலையில் பாதிகூட என்னால் முடியவில்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. வண்டி வருவதற்குள் பறித்து, தரம் பிரித்து, கூடை கட்டி, பசுவைக் குளிப்பாட்டி, சமைத்து, துவைத்து, இதற்கு நடுவில் உன்னையும் வளர்த்திருக்கிறாள். நீ நடக்க ஆரம்பித்த புதிதில் கிணற்றுப் பக்கம் போய்விடாமல் இருக்க, உன் இடுப்பையும் அவள் இடுப்பையும் சேர்த்துக் கட்ட என்னிடம் நீளமாக நாடா தைத்து வாங்கினாள். நீ தக்காளிக் கூடையில் படுத்துத் தூங்கிவிட்டால் நாடா தொய்ந்துவிடும், அவள் களை எடுத்தபடியே திரும்பிப் பார்ப்பாள். அந்த நாடா இன்னும் என் மிஷின் டிராயரில் இருக்கிறது, போன வாரம் எடுத்துப் பார்த்தேன். அப்போதெல்லாம் நான் நிழலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, என் வேலைதான் நுணுக்கமான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் பாய்ச்சுவதுதான் பெரிய பாடாக இருந்தது. அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வரப்பில் வைத்துவிடுவோம், வானொலி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். கால் ஸ்டூலின் மேல் இருக்கும். "உங்க காலைக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடுங்க" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினேன். மண் எப்படி இருக்கு என்று கேட்டாள். ஈரமாக இருக்கிறது என்றேன். எவ்வளவு ஈரம் என்றாள். நான் என்னத்தைச் சொல்வது, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சேற்றில் விட்டு முக்கால் அங்குலம் என்றேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே சாய்ந்திருக்கும். இரண்டு வாரம் இப்படித்தான், ஒரு பாத்தி காய்ந்தது, ஒரு பாத்தி குளமானது. ஒருநாள் அலுத்துப்போய், பிழியாத துணி மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்ப அது அதிகம், அடுத்த பாத்திக்குப் போங்க என்றாள். போனேன், அது பிழிந்த துணி மாதிரி இருந்தது. இன்னும் தள்ளிப் போங்க என்றாள். அங்கே நின்றதும் எனக்கே தெரிந்தது, இஸ்திரி போடுவதற்காகத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்திருப்போமே, அந்தத் துணி மாதிரி, தொட்டால் ஈரம், பிழிந்தால் தண்ணீர் வராது. இஸ்திரிப் பதம் என்றேன். "அதாங்க. அதேதான். எல்லாப் பாத்தியும் அந்தப் பதத்துக்கு வரணும்" என்றாள், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவளுக்கு. அவள் காலுக்குத் தெரிந்ததற்கு அதுவரை பெயரே இல்லாமல் இருந்திருக்கிறது. இப்போது வரப்பிலிருந்து என்ன துணி என்று கேட்பாள், நான் சொல்வேன், மோட்டாரை எப்போது நிறுத்துவது என்று அவள் முடிவு செய்வாள். இந்தத் தடவை நாற்றில் ஒன்றுகூட அழுகவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் என்னைப் பாராட்டும்போதெல்லாம் தொண்டையில் அந்தப் போல்ட் வந்து நிற்கிறது.

நேற்று கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது, இனி நடக்கலாம், ஆனால் வெறுங்காலில் ஒரு அடிகூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது, ஆயுசுக்கும் கூடாது என்றார்கள். மெத்தென்று அகலமாக ஒரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். உன் அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் யார் யாருடைய வயல்களோ போய்க்கொண்டிருந்தன, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். இனி தண்ணீருக்கு என் கால் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, "சொரசொரன்னு இருக்கு உங்க கால், அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, தன் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். சம்மதம் என்று அர்த்தம். இன்று காலையில் அவள் ஷூ போடுவதற்கு முன்னால் நான் எடுத்து உள்ளே கையை விட்டு நுனி வரை துழாவிப் பார்த்தேன். என்ன தேடறீங்க என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இனி தினமும் துழாவுவேன், அவளும் தினமும் கேட்பாள், நான் தினமும் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

உனக்கு எழுதிவிட்டால் பாரம் குறைந்துவிடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எழுதி வந்த பிறகு பார்த்தால், அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் மட்டும் சொல்வது ஒரு மறைப்பின்மேல் இன்னொரு மறைப்பாக இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆகவே உறையை ஒட்டுவதற்கு முன் இதை அப்படியே அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் படித்து முடிக்கும் வரை பசுவுக்குப் புல் போடப் போய்விடுவேன். அவள் என்ன சொல்வாளோ தெரியாது. நீ எங்களை நினைத்துக் கவலைப்படாதே. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நிறைந்த மனசோடு வாழ வேண்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள், உன் அம்மா ரத்தம் உனக்கு. அங்கே ஷூ போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பார். மாப்பிள்ளையிடமும் சொல், ஏன் என்று கேட்டால் மாமனார் ஒரு மாதிரி என்று சொல்லிக்கொள்.

உன் அன்புள்ள,
அப்பா

கண்ணு, கீழே எழுதுவது அம்மா. இந்த மனுஷன் காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டுத் தொழுவத்துக்கு ஓடிவிட்டார். வெறும் பெடல் சத்தத்துக்கும் துணி தைக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். காலையிலிருந்து என்னவோ எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன், தெரிந்துவிட்டது, போகட்டும். அழாதே. அந்தப் படத்தை அழித்துவிடாதே, அதில் நான் நன்றாக இருக்கிறேன். புது ஜோடி வேண்டாம், அந்த மஞ்சள் பூட்ஸைக் கழுவி வெயிலில் வைத்தாகிவிட்டது, கோழி மறுபடியும் இடதுக்கே போய்விட்டது.

இத்துடன் ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். பூட்ஸுக்குள் இருந்து வந்தது இதுதான். போல்ட் ஒரு பக்கம் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. உன் அப்பா போடுகிற முடிச்சு எனக்குத் தெரியாதா. அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன், பிறகு துவைத்துக் காயவைத்துத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். பார்த்திருந்தால் மனுஷன் அன்றைக்கே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டிருப்பார், பசுவுக்கு யார் புல் போடுவது. அவராகச் சொல்கிறாரா பார்ப்போம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டார். எனக்கு நகம் தேய்ந்துவிட்டது, அவிழவில்லை. நீதான் சின்ன வயசில் அவர் முடிச்சையெல்லாம் பல்லால் கடித்து அவிழ்ப்பாய். இதையும் அவிழ்த்துத் தூரப் போட்டுவிடு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா